எடை கூடிய தக்காளி

அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் நாலு பேர். நான். என் மனைவி. மாடியில் குடியிருக்கும் ஆராய்ச்சிப் பெண். நடுவராக இருக்கிறேன் என்று தானாகவே வந்து உட்கார்ந்துகொண்ட என் மைத்துனர். தக்காளிகளையும் சேர்த்தால் நாற்பத்து நாலு. அந்த நாற்பத்து நாலில் என் கட்சி நான் ஒருவன்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆராய்ச்சிப் பெண்ணின் வேலை விசித்திரமானது. செடியிலிருந்து பறித்த பிறகு ஒரு பழம் எப்போது சுருங்குகிறது, ஒரு மருந்து இலைக்கு எப்போது மணம் போகிறது, எப்படி வைத்தால் கெடாது என்று பார்ப்பது.

"ஆய்வுக்கூடத்துல என்ன நடக்கும்னு எங்களுக்குத் தெரியும், மாமா. வீட்டுல என்ன நடக்குதுன்னுதான் தெரியல," என்றாள்.

வீட்டில் நடப்பது தெரியாமல் இருப்பது பெரிய பாக்கியம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. மனைவி பக்கத்தில் இருந்தாள்.

ஆளுக்கு இருபது தக்காளி கொடுத்தாள். ஒவ்வொன்றையும் நிறுத்து, எண் எழுதிய சீட்டை ஒட்டியிருந்தாள். கூடவே ஆளுக்கு ஒரு கட்டு இருமல் மருந்து இலை. பத்து நாள் அவரவர் இஷ்டப்படி வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

"சும்மா எதுக்கு வெச்சுக்கணும்? பந்தயம் கட்டுவோம்," என்றாள் மனைவி. "தோத்தவங்கதான் இனிமே மார்க்கெட்டுக்குப் போகணும். சாகற வரைக்கும்."

"யார் சாகற வரைக்கும், அக்கா?" என்று விவரம் கேட்டார் மைத்துனர்.

"அவர்."

வாசகர்களே, நான் கோழை அல்ல. ஆனால் நாலு பேர் பார்க்க வாய் திறந்து ஒன்று கேட்பது என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை மார்க்கெட்டுக்குப் போனேன். காய்கறிக்காரம்மா, "என்ன வேணும்?" என்று உரக்கக் கேட்டாள். "ஒண்ணும் வேணாம்," என்று சொல்லிவிட்டு வெறும் பையோடு வந்தேன். அன்றிலிருந்து மனைவிதான் போகிறாள். இப்போது அவளுக்கு முட்டி வலி. வலிக்கும்போதெல்லாம் முட்டியைப் பார்க்க மாட்டாள். என்னைப் பார்ப்பாள்.

எப்படியாவது ஜெயித்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். இருபது பழத்தையும் மூன்று தண்ணீரில் கழுவினேன். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றினேன். மரப்பெட்டியில் அடுக்கி, மூடி போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இலைக்கட்டைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன்.

மனைவி பழங்களைக் கழுவவே இல்லை. காற்றாட ஒரு தட்டில், ஒன்றோடொன்று ஒட்டாமல், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி பரப்பினாள். இலையை நிழலில் உலர்த்தினாள். நான் கழுவுவதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தேன். நாலு பழம் அழுகியிருந்தது. கையை வைத்தால் விரல் உள்ளே போனது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்முன்னால் மார்க்கெட் தெரிந்தது. பை தெரிந்தது. என் மிச்ச ஆயுள் முழுவதும் தெரிந்தது.

வேறு வழியில்லை. மறுநாள் மனைவி எழுந்திருக்கும் முன், பனியில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கே ஓடினேன். மார்க்கெட்டுக்குப் போகாமல் இருப்பதற்காக மார்க்கெட்டுக்குப் போனவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். காய்கறிக்காரம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்காமல் நாலு விரலைக் காட்டினேன். அவளும் ஒன்றும் கேட்காமல் நாலு அருமையான தக்காளியைப் பொறுக்கிக் கொடுத்தாள். என் முகத்தில் ஏதோ கம்பீரம் இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அழுகல் பழத்திலிருந்து சீட்டுகளை உரித்துப் புதுப் பழத்தில் ஒட்டினேன். அழுகலைக் கொல்லையில் குழியில் வீசினேன். நிம்மதி.

அடுத்த நாள் திறந்தேன். மறுபடியும் நாலு அழுகல்.

அதற்கடுத்த நாளும் நாலு. பெட்டிக்கே ஏதோ நோய் என்று வேப்பெண்ணெய் தடவினேன். கட்டிலை இடம் மாற்றினேன். நாலு குறையவில்லை. தினமும் பனி, தினமும் மார்க்கெட், தினமும் நாலு விரல். இருமல் பிடித்துக்கொண்டது.

"என்னங்க, லொக்குலொக்குன்னு இருமுறீங்க?"

"தூசி."

"கட்டிலுக்கு அடியிலேயே தலையை வெச்சிருந்தா தூசி ஏறாதா? இந்தாங்க, கஷாயம். ஒரே மூச்சுல குடிங்க."

குடித்தேன். தினமும் இரண்டு வேளை குடித்தேன். என் பெண்டாட்டியைப் போல் உண்டா என்று கண் கலங்கியது. கசப்பினாலும் இருக்கலாம்.

இதற்கிடையில் ஒரு சந்தோஷம். சாப்பாட்டில் தக்காளி கொழித்தது. குழம்பில் தக்காளி, பொரியலில் தக்காளி, தொட்டுக்கொள்ளவும் தக்காளி. மனைவி மார்க்கெட்டுக்குப் போகவே இல்லை. அப்படியென்றால்? பந்தயப் பழத்தையே எடுத்துச் சமைக்கிறாள்! பாவம், தானே தன் குழியைத் தோண்டிக்கொள்கிறாள். நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவளுடைய பந்தயத் தட்டு சீக்கிரம் காலியாகட்டுமே என்று. அதை எட்டிப் பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

பத்தாம் நாள். அதே கூடம், அதே நாலு பேர். ஆராய்ச்சிப் பெண் தராசோடு வந்தாள்.

முதலில் மனைவியின் தட்டு வந்தது. எண்ணினேன். இருபது. மறுபடி எண்ணினேன். இருபதும் இருந்தது. அப்படியென்றால் இத்தனை நாள் நான் சாப்பிட்டது யாருடைய பழம்?

"எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எடை குறைஞ்சிருக்கு, அத்தை. தண்ணி வத்தும், அப்படித்தான் இருக்கணும். ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க."

பிறகு என் பெட்டி. பதினாறு பழம் கிழவனின் கன்னம் போல் ஒடுங்கிக் கிடந்தது. நாலு மட்டும் மணமகன் போல் மினுமினுத்தது.

"மாமா, மூணாம் நம்பர் பழம் எடை கூடியிருக்கே?"

"கூடாதா?"

"பறிச்ச தக்காளி எங்கேயும் எடை கூடினதில்லை, மாமா. அதுவும் உருண்டையா குடுத்தேன். நீளமா இருக்கு."

"வளர்ற வயசு," என்றாள் மனைவி.

"மச்சான் வளர்ப்பு அப்படி," என்றார் நடுவர்.

"சரி மாமா, இலைக்கட்டு எங்கே?"

கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஆணி இருந்தது. கட்டிய நூல் இருந்தது. இலை இல்லை.

"என் இலையை யார் எடுத்தது?" என்று கத்தினேன். கத்தியதில் இருமல் வந்தது.

"நீங்கதான் குடிச்சீங்க," என்றாள் மனைவி. "என் இலையை எடுத்தா நான் பந்தயத்துல தோத்துட மாட்டேனா?"

ஆராய்ச்சிப் பெண் தராசைக் கீழே வைத்துவிட்டாள். அவ்வளவு சிரிப்பு.

"அப்போ தினமும் நாலு பழம் அழுகினது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"தினமும் எங்கே அழுகிச்சு? ஒரு நாள்தான் அழுகிச்சு. நீங்க கொல்லையில போட்டதை நான் எடுத்துட்டு வந்து, சீட்டை மாத்தி ஒட்டி, அதே காகிதத்துல சுத்தி வெச்சேன். புதுசு நாலையும் அடுப்படிக்குக் கொண்டு போனேன்."

அதே நாலு அழுகலைத்தான் நான் ஒவ்வொரு நாளும் வீசியிருக்கிறேன். எண்ணுவதில் நான் புலி. எண்ணினேனே தவிர, ஒரு தடவையாவது அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் மார்க்கெட்டுக்குப் போறது உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் நாள் சாயங்காலமே காய்கறிக்காரம்மா வந்து சொல்லிட்டா. 'உங்க வீட்டுக்காரர் ஊமையாயிட்டாரா அக்கா, விரலைக் காட்டறாரு'ன்னு கேட்டா. வாய் திறக்க மாட்டார், கூச்சம், நீயே நல்லதா பார்த்துக் குடுன்னு சொல்லி வெச்சேன்."

என் கம்பீரம் போன இடம் தெரியவில்லை.

"மாமா தோத்துட்டார், அத்தை," என்றாள் ஆராய்ச்சிப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"தோத்ததை விடும்மா. பனியோ குளிரோ, ஒரு நாள் தவறாம போயிட்டு வந்தார் பாரு. இந்த மனுஷனையா இத்தனை வருஷம் வீட்டுல உட்கார வெச்சிருந்தேன்?" என்று முட்டியைத் தடவிக்கொண்டாள் மனைவி.

ஆராய்ச்சிப் பெண் மனைவியின் இருபதையும் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டாள். என் பதினாறையும் கேட்டாள். பழத்தை எப்படி வைக்கக்கூடாது என்று மாணவர்களுக்குக் காட்டுவதற்காம்.

புது நாலு மட்டும் பெட்டியில் கிடந்தது.

"இது ராத்திரிக்குச் சரியா இருக்கும். விடிஞ்சதும் கிளம்பிடுங்க. இனிமே துண்டைச் சுத்திட்டுப் போக வேணாம், முகத்தைக் காட்டியே போகலாம்," என்றாள் மனைவி.

நடுவர் தம் கூலியாக அதில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே படி இறங்கினார்.

மிச்சம் மூன்று.