மாப்பிள்ளையின் கார் பம்பரைக் கறுப்பாக்கிய விவரம்

ஐயம்பேட்டை

அருகன் துணை

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை கோகுல் அவர்களுக்கு, மாமனார் தர்மசந்திரன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அத்தை சாந்திமதியும் சுகம். மஸ்கட்டில் தாங்களும் மோனிஷாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தாங்கள் என்னை நம்பி விட்டுச் சென்ற காரும் சுகமே, ஒரு பம்பர் நீங்கலாக. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மோனிஷா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். மாமனார் மாப்பிள்ளைக்குச் சில சங்கதிகளை எழுத்தில் சொல்வதுதான் மரியாதை.

இங்கே அடித்த வெயிலில் காரின் கறுப்பு பிளாஸ்டிக் எல்லாம், பம்பர், பக்கக் கண்ணாடிகளின் மூடி, கதவோரப் பட்டை உட்பட, வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. தாங்கள் லீவில் வருகிறீர்கள் என்று தெரிந்ததும் அத்தை காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "என்னங்க, சாவி குடுக்கும்போது 'மாமா கையில இருந்தா எனக்குக் கவலையே இல்ல'ன்னு சொன்னாரு அந்தப் புள்ள. இப்ப வந்து பாத்தா இன்னா நெனைப்பாரு?" என்றாள். அன்று வழக்கம்போல் பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நேரே காரடிக்குப் போனேன்.

நம் நிலத்துக் கடலையில் ஆட்டிய எண்ணெய் வீட்டில் இருந்தது. பழைய வேட்டியைக் கிழித்து, தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். அடடா, புதுக் கார் தோற்றது! மறுநாள் காலையில் பார்த்தால் மதில் சுவரிலிருந்து பம்பர் வரை எறும்பு வரிசை. பம்பருக்கு உள்ளேயும் போய்க் குடியேறிவிட்டன. நம் வீட்டில் கொசுவைக்கூட விரட்டித்தான் பழக்கம், அடித்துப் பழக்கமில்லை என்பது தங்களுக்குத் தெரியும். "வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க. உள்ள எத்தினி உசுரு இருக்குதோ!" என்று அத்தை சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு காருக்கு எதிரே ஒரு தட்டில் சர்க்கரை வைத்து, எறும்புகள் மனம் மாறி வெளியே வரும் வரை நான் நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இன்னா சார், காருக்குப் படையலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எண்ணெய் போகச் சோப்புப் போட்டுக் கழுவினால் பழைய சாம்பலே தேவலை என்று ஆகிவிட்டது, அங்கங்கே திட்டுத் திட்டாக. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் சிவராஜ் என்னோடு படித்தவன். அவனிடம் காரை ஓட்டிப் போனேன். "பட்டுக்கே ஏத்துறேன், பம்பருக்கு ஏத்த மாட்டனா? உட்றா வண்டிய!" என்றான். இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கறுப்புச் சாயத்தைக் காய்ச்சிக் காய்ச்சிப் பூசினோம். சாயம் பிடித்தது, மாப்பிள்ளை. என் கையில் பிடித்தது, வேட்டியில் பிடித்தது, அவன் வீட்டு வாசலில் பிடித்தது, வியர்வையைத் துடைத்ததில் என் நெற்றியில்கூடப் பிடித்தது. பம்பரில் மட்டும் தண்ணீர் பட்டதும் வழிந்து ஓடிவிட்டது. அடுத்த நாள் தங்கள் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லக்கூட எனக்குக் கை கூப்ப வழியில்லை. தங்கள் தாயார் கையைப் பார்த்துவிட்டு, "இன்னா சம்மந்தி, மருதாணியா?" என்று கேட்க, அத்தைதான், "ஆமாம்மா, கொஞ்சம் ஜாஸ்தியா செவந்திடுச்சி" என்று சமாளித்தாள்.

கடைசியில் வழி காட்டியது அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்த, காஞ்சிபுரத்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் பரமசிவம். சூடான காற்றை ஊதும், துப்பாக்கி போன்ற மிஷின் ஒன்றை இரவல் கொடுத்து, "ஒரே எடத்துல காட்டாதீங்க சார், ஆட்டிக்கினே இருக்கணும்" என்றார். காட்டினேன். வெளுத்த பிளாஸ்டிக் என் கண்ணெதிரே கறுத்தது! பூசியது இல்லை, அதன் சொந்தக் கறுப்பே மேலே வந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் வாயில் கை வைத்துக்கொண்டாள். முன் பம்பரின் இடது மூலை ஒன்றுதான் பாக்கி. அப்போது பார்த்து மோனிஷா போன் செய்தாள்.

"இன்னா சத்தம்பா அது?"

"மிக்சிம்மா."

"நீ எதுக்குப்பா மிக்சி போடற? அம்மாக்கு உடம்பு சரியில்லயா? எங்கிட்ட மறைக்கிறியா?"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நம்ப வைப்பதற்குள் என் கை ஆடாமல் நின்றுவிட்டது. இப்போது அந்த மூலை, கோபித்துக்கொண்ட குழந்தையின் கீழுதடு மாதிரி தொங்குகிறது. ஆனால் நல்ல கறுப்பு.

காரைச் சுவர் ஓரமாக நிறுத்தி, இடப்பக்கம் யாரும் போகாதபடி துளசித் தொட்டியை வைத்திருக்கிறேன். தாங்கள் வலப்பக்கமாகவே வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வண்டியில் இனி ஒருபோதும் கை வைக்க மாட்டேன், இது உறுதி. தாங்களும் என் மகளும் நிறம் மாறாமல் நெடுங்காலம் வாழ்க என்று நானும் அத்தையும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
தர்மசந்திரன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மோனிஷா மறுபடி பேசினாள். "லீவுல வந்ததும் மொத வேலையா அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்குக்கெல்லாம் காரோட வெள்ளையே அடிச்சிடலாம்னு அவரு சொல்றாருப்பா" என்கிறாள். அதற்காகத் தாங்கள் சிரமப்பட வேண்டாம். வராந்தாவுக்கு அடித்த வெள்ளை பெயின்ட் அரை டப்பா மிச்சம் இருக்கிறது. இடப்பக்கக் கண்ணாடி மூடிக்கு இப்போதுதான் ஒரு கோட் அடித்தேன். காய்ந்துகொண்டிருக்கிறது.