இரண்டு விரற்கடை உயரம்

அந்த ஆவணியில் ராஜகுரு ஒரு சபதம் எடுத்தார். தங்கச்சி மகன் இன்பராஜைத் தை மாதத்துக்குள் இரண்டு விரற்கடை வளர்த்துவிடுவது! ஆட்டை வளர்க்கலாம், ஆமணக்கை வளர்க்கலாம், கோபத்தைக்கூட வளர்க்கலாம். ஆளை உயரமாக வளர்த்தவர் அருப்புக்கோட்டையில் அதுவரை யாரும் இல்லை.

சங்கதி இதுதான். அவர் மகள் சரஸ்வதி, முறைமாப்பிள்ளை இன்பராஜைவிட இரண்டு விரற்கடை உயரம்.

"பொண்ணு மாப்பிள்ளையைக் குனிஞ்சு பாத்தா ஊரு சிரிக்காதாண்ணே? தையில வந்து பாப்பேன். ஒசரம் சரியா வந்தா வெத்தலை பாக்கு மாத்துவோம். இல்லேன்னா நான் வேற எடம் பாக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி சுந்தராம்பாள் காரியாபட்டிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

தொட்டிலில் போட்ட அன்றே கொடுத்த வாக்கு. ராஜகுருவுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி கோகிலாம்பாளுக்கு நன்றாகவே இறங்கியது. மகளை டீச்சர் டிரெயினிங்கில் சேர்க்க வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் அவருடைய மிளகாய் வத்தல் கடைக்கு வந்த டாக்டர் ஒருவர் வழி சொன்னார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். ஆளை வளர்க்கும் சத்து அதிலிருந்துதான் வருமாம். அதுவும் முன்னிரவில் அயர்ந்து தூங்கும்போதுதான் அதிகம் சுரக்குமாம். "ஆனா, வம்சத்துல இல்லாத ஒசரம் வராதுங்க" என்று அவர் கடைசியில் சொன்னது மட்டும் ராஜகுரு காதில் விழவில்லை.

கடை பழகட்டும் என்று சொல்லி இன்பராஜை வீட்டுக்கே அழைத்து வந்தார்.

"இந்தா கோகிலா, கவனமாக் கேளு. எட்டு மணிக்குப் படுத்திரணும்."

"சரிங்க."

"காலையில ரெண்டு முட்டை. மத்தியானம் மொச்சை, மீனு."

"சரிங்க."

"ராத்திரி இனிப்புப் பண்டத்தைக் கண்ணுல காட்டப்படாது. தின்னா சுரப்பு மட்டுப்படும். கண்ணு முழிச்சாலும் போச்சு."

"அப்படியா! என்னென்ன செஞ்சா வளர்த்தி நிக்கும்? இன்னொரு தடவை சொல்லுங்க, மறந்திரப்போறேன்."

இருபது வருஷத்தில் முதல் தடவையாக மனைவி தன் பேச்சைத் திருப்பிக் கேட்கிறாள். ராஜகுரு நெகிழ்ந்துபோனார்.

அவர் கடையடைத்து வரும்போது பையன் போர்வைக்குள் இருப்பான். பகலில் கடையிலும் மிளகாய் மூட்டைமேல் சாய்ந்து தூங்கினான். ராஜகுருவுக்கு ஒரே ஆனந்தம். "ஏலே, மெதுவாப் பேசுங்கப்பா, பிள்ளை வளருது" என்று வியாபாரிகளை அடக்கினார். மாப்பிள்ளையின் கால்சட்டை இடுப்பில் பிரிந்தபோதும் அசரவில்லை. மொதல்ல அகலம் வரும், பெறகு ஒசரம் வரும் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

தை பிறந்தது. சுந்தராம்பாள் வந்து இறங்கினாள். ஆவணியில் வாசல் நிலையில் சாக்பீஸால் ஆளுக்கொரு கோடு போட்டிருந்தார்கள். முதலில் இன்பராஜை அவன் கோட்டில் நிறுத்தினார்கள். இம்மி நகரவில்லை. சரஸ்வதி நின்றாள். அவள் தன் கோட்டைத் தாண்டி இன்னொரு விரற்கடை போயிருந்தாள்.

"ஏலே, எட்டு மணிக்குத் தூங்கினியா இல்லையா?"

"அத்தை தாயம் போடக் கூப்பிடுவாக மாமா. நீங்க வந்ததும் படுத்துக்கிருவேன். நீங்க கொறட்டை விட்டதும் மறுபடி ஆட்டம். ஜெயிச்சா அதிரசம், தோத்தா ஆறுதலுக்கு அதிரசம்."

"முட்டை?"

"உடம்புக்குச் சூடுன்னு தரமாட்டாக."

ராஜகுருவுக்கு மீசை துடித்தது. வாயைத் திறந்து பேசுவதற்குள் சுந்தராம்பாள் மகன் கன்னத்தைத் தடவிக் கண்கலங்கினாள்.

"நோஞ்சானா வந்த பிள்ளையை எப்படித் தேத்தியிருக்காக மதினி! நம்ம ஆளுகளுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்கமாட்டாகன்னு நீயே எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பே அண்ணே? சம்பந்தம் அமையலேன்னா என்ன, மதினி மனசு தங்கம்!"

கோகிலாம்பாள் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

தங்கச்சியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, அடுப்படி வாசலில் நின்று பரிதாபமாகக் கேட்டார்.

"நான் சொன்னதுல ஒண்ணையாவது செஞ்சியா?"

"எதை விட்டேன்? எட்டு மணித் தூக்கம், ரெண்டு முட்டை, மொச்சை, மீனு, ஒரு நாளும் தவறல. சரஸ்வதியைப் பாத்தாத் தெரியலையா?"