தலைமை வரைவாளரின் உசத்திக் கண்

நில அளவை அலுவலகத்துத் தலைமை வரைவாளருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. சாலையின் நடுவே அவர் ஒரு கிணற்றை வரைந்த பிறகுதான் அது வெளியே தெரிந்தது. பழைய வரைபடத்தில் சிந்தியிருந்த தேநீர்ச் சொட்டைக் கிணறு என்று நினைத்து வட்டம் போட்டுவிட்டார். சாலைத் துறையோ வரைபடத்துக்கு மரியாதை கொடுக்கும் துறை. இல்லாத கிணற்றில் யாரும் விழுந்துவிடக் கூடாதென்று சுற்றுச்சுவர் எழுப்பிப் போக்குவரத்தையே திருப்பிவிட்டது.

இன்னொரு கிணறு முளைத்தால் வேலை போய்விடும். மனிதர் கண் மருத்துவரிடம் ஓடினார்.

"லேசரா, கத்தியா டாக்டர்?"

"உங்க கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கீறுறதை லேசர் செய்யும், இல்லன்னா நான் செய்வேன். புரையை எடுத்துட்டுப் புது லென்ஸ் வைக்கிறது எப்படியும் நான்தான்."

இந்த நேர்மை யாருக்கும் பிடிக்கவில்லை. மச்சினன் துள்ளினான். "கத்தியா? அது காய் நறுக்க, மாமா! எங்க ஆபீஸ்ல புரையே இல்லாதவன்கூட லேசர் வேணும்னு நிக்கிறான்."

"கண்ணு தெரிஞ்சா போதாதா?" என்றாள் மனைவி. அக்கருத்து பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

விடுப்பு விண்ணப்பம் மேலதிகாரியிடம் போனது. அவர் ஆழ்ந்து சிந்தித்து ஆணையிட்டார்: 'விண்ணப்பதாரர் வலக்கண்ணுக்கு லேசரும் இடக்கண்ணுக்குப் பழைய முறையும் மேற்கொண்டு, ஒப்பீட்டறிக்கை சமர்ப்பிக்க வேண்டியது.'

சில வார இடைவெளியில் இரண்டும் முடிந்தன. வரைவாளர் மனைவியின் முகத்தைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

"இப்படி இளைச்சுட்டியே!"

"இளைச்சு மூணு வருஷமாச்சு."

வரைவாளர் சந்தோஷமாக அறிக்கை எழுதினார்: 'வித்தியாசம் இல்லை.'

மேலதிகாரி முகம் சுளித்தார். "வித்தியாசமே இல்லாம ஒப்பீட்டறிக்கையா? எந்தக் கண்ணுய்யா உசத்தி?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

"அப்ப ரெண்டுமே சரியாகலைன்னு எழுதிடறேன். மறுபடி அறுக்கச் சொல்லுவாங்க."

வரைவாளர் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டார். "லேசர் கண்ணுதாங்க உசத்தி!"

"எவ்வளவு?"

"ஒரு... முழம்."

அறிக்கை ஏற்கப்பட்டது. மறுவாரமே சுற்றறிக்கை வந்தது: முக்கியஸ்தர்களின் வரைபடங்கள் வலக்கண்ணால் பார்க்கப்படும், பொதுமக்களுடையவை இடக்கண்ணால். வரைவாளர் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு முக்கியஸ்தர்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்லவே, வலக்கண் உண்மையிலேயே கொஞ்சம் உசத்திதானோ என்று தோன்ற ஆரம்பித்தது.

ஒருநாள் தையல்காரர் ஒருவர் வந்தார். அவர் வீட்டில் பாதியைப் பக்கத்து வீட்டோடு சேர்த்து வரைந்திருந்தார்கள். வரைவாளர் முறைப்படி வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"தப்பு தெரியுதுங்களா, ஐயா?"

"பளிச்சுன்னு தெரியுது."

"அப்ப திருத்திடுங்க."

"அதெப்படி? இது சாதாரணக் கண்ணு. இதுக்குத் தெரியறது செல்லாது."

தையல்காரர் கோபப்படவில்லை. நியாயம்தான் என்று தலையாட்டிவிட்டு, குனிந்து கிசுகிசுத்தார்:

"அந்தக் கண்ணைத் திறக்க யாரைப் பிடிக்கணும்?"