இரண்டு கிராபிக்ஸ் கார்டும் ஒரு மாமனாரும்

மாலை ஆறு மணிக்குள் புது கிராபிக்ஸ் கார்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது பழையதைவிட நல்லது என்று ஒரு மனிதர் வாயால் சொல்ல வேண்டும். மனைவி போட்ட நிபந்தனை அது. மணி அப்போதே மூன்று.

அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு கார்டு இருந்தது. அதிலும் கணவர் ஆடும் குதிரை ஆட்டம் ஓடத்தான் செய்தது. பழையது நொடிக்கு அறுபது படம் காட்டும், புதியது நூற்று நாற்பது காட்டும், அதனால்தான் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது என்று கணவர் நாலு நாளாகத் தொண்டை வற்ற விளக்கினார். "ரெண்டுலயும் அதே குதிரைதானே ஓடுது" என்று அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கடைசியில், விளையாட்டே தெரியாத ஒருவர் பார்த்து வித்தியாசம் சொல்லட்டும் என்று முடிவானது. அந்த ஒருவர் யார் என்று கேட்டதற்கு, "எங்கப்பா" என்றாள்.

மாமனார் முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எதையும் நல்லது என்று அவர் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. இவர்கள் வீடு வாங்கியபோது வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, வாசல் கதவு தேய்க்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பேத்தி பிறந்தபோது எடை குறைவு என்றார். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. அந்த வார்த்தைக்காக மாப்பிள்ளை எவ்வளவு ஏங்கினார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் மாப்பிள்ளையும் லேசுப்பட்டவர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகர். ஆளை உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. அதே வித்தையை வீட்டிலும் காட்டிவிட வேண்டியதுதான் என்று இறங்கிவிட்டார்.

திரைக்கு நேரே போட்டிருந்த சுழல் நாற்காலியை மாமனார் மதிக்கவில்லை. முதுகுக்கு ஆகாதாம். முக்காலி ஒன்றை இழுத்து மேஜை ஓரமாகப் போட்டுக்கொண்டார். கார்டை மாற்ற வசதியாக அங்கிருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கமூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, மாப்பிள்ளை ஒரு கும்பிடு போடாத குறையாகச் சொன்னார்.

"மாமா, ரெண்டு கார்டு இருக்கு. ரெண்டையும் ஓட்டிக் காட்டுறேன். எது நல்லாருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"ம்."

முதலில் பழைய கார்டு. திரையில் காடு விரிந்தது. குதிரை ஆற்றங்கரையோரமாக ஓடியது. பாதை குறுகலாக இருந்ததால் மாப்பிள்ளை கண்ணை எடுக்காமல் ஓட்டினார். ஐந்து நிமிடம் பேச்சுமூச்சு இல்லை. ஆள் தூங்கிவிட்டாரோ என்று சந்தேகம் வந்த நேரத்தில் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அடேயப்பா."

மாப்பிள்ளை கையிலிருந்து மௌஸ் நழுவப் பார்த்தது.

"என்ன ஓட்டம் மாப்பிள்ளை இது. ஒரு பிசிறு இல்ல. இந்த நீலம் எப்ப பச்சையாச்சுன்னே சொல்ல முடியல."

ஆற்று நீர் மரநிழலுக்குள் நுழைகிற இடம். நீலம் மெல்லப் பச்சையாகிக்கொண்டிருந்தது. நூறு தடவை இதே வழியில் போயும் இதை நாம் பார்க்கவே இல்லையே என்று மாப்பிள்ளைக்கு உடம்பு சிலிர்த்தது. அடுக்களை வாசலில் நின்ற மனைவி வாயைப் பிளந்தாள். அப்பா வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

பழையதற்கே இந்தப் பாடென்றால் புதியதைப் பார்த்தால் ஆள் மயங்கி விழுந்துவிடுவார் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டார். கார்டை மாற்றினார். இப்போது ஒவ்வோர் இலைக்கும் தனித்தனி நிழல் விழுந்தது. புல் நுனியில் பனித்துளி, அந்தத் துளிக்குள் சூரியன். மாப்பிள்ளை தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

"இது என்ன, ஒரே இருட்டா இருக்கு."

ஆட்டத்தில் அப்போது பட்டப்பகல். மாப்பிள்ளை திரையின் வெளிச்சத்தைக் கூட்டினார். இன்னும் இருட்டுதான் என்றார் மாமனார். வெளி வெளிச்சம் கண்ணைக் கெடுக்கிறது போலிருக்கிறது என்று மாப்பிள்ளை ஜன்னல் திரைச்சீலைகளை இழுத்து மூடினார். இப்போது சுத்தமாக ஒன்றுமே தெரியவில்லை என்று பதில் வந்தது. திரைச்சீலைகள் மறுபடி திறந்தன.

வேறு வழியில்லாமல் படத்தின் தரத்தை ஒரேயடியாக உச்சத்துக்கு ஏற்றினார். பெட்டிக்குள் கார்டின் விசிறி இரைந்தது.

"இப்பதான் உசிரு வந்திருக்கு" என்றார் மாமனார். மாப்பிள்ளை மூச்சு விடுவதற்குள், "ஆனா ரொம்பப் பதறுது. இவ்வளவு அவசரம் ஆகாது" என்றார்.

திரையின் மூலையில் எண் நூற்று நாற்பது காட்டியது. அறுபதுக்கும் நூற்று நாற்பதுக்கும் உள்ள வேகத்தை வெறுங்கண்ணால் கண்டுபிடித்துவிட்டாரே மனிதர். மாப்பிள்ளை அசந்துபோய், நொடிக்கு அறுபது படம் போதும் என்று கட்டுப்பாடு வைத்து, தரத்தையும் இறக்கினார். குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடையைத் தாண்டியது.

"நின்னுபோச்சே" என்றார் மாமனார்.

குதிரை அந்தரத்தில் இருந்தது. மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஓடவில்லை. "எப்ப மாமா நின்னுச்சு?" என்றார்.

"இப்பதான். இந்தா, திரும்ப ஆரம்பிச்சிருக்கு. மறுபடி நின்னுடுச்சு பாருங்க."

படங்கள் வருகிற நேரத்தைக் காட்டும் வரைபடத்தை மாப்பிள்ளை திறந்தார். கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால், தாண்டிய அந்த இடத்தில் ஊசிமுனை அளவு ஒரு மேடு. நூறு படத்தில் ஒரு படம், இமைப்பொழுதில் பத்தில் ஒரு பங்கு தாமதம். இதைப் பிடிக்க ஊரில் உள்ளவர்கள் தனியாகக் கருவி வைத்திருக்கிறார்கள். இவர் முக்காலியில் உட்கார்ந்து சொல்கிறார்.

பதினாலு வருடத்தில் ஆயிரக்கணக்கான கண்களைச் சோதித்தவர் மாப்பிள்ளை. இப்படி ஒரு கண்ணைப் பார்த்ததில்லை. அடுக்களைக்குப் போய் மனைவியிடம் குரலைத் தாழ்த்தி, "உங்கப்பாவுக்கு இருக்கறது மனுசக் கண்ணே இல்ல" என்றார். இத்தனை வருடம் இவரைக் கல் என்று நினைத்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

சந்தேகம் தீர, கடைசியாக ஒரு தடவை பழைய கார்டைப் போட்டார். மாமனார் முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். பத்து நிமிடம் ஆனபின்னும் எழுந்திருக்க மனமில்லாமல், இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

"இதைச் செஞ்சவன் கையைக் கண்ணுல ஒத்திக்கலாம்" என்றார். பிறகு மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறை. "இதை இவ்வளவு நாள் பழுதில்லாம வச்சிருக்கீங்க பாருங்க. கெட்டிக்காரர்தான்."

மாப்பிள்ளை புது கார்டை எடுத்து அதன் அட்டைப்பெட்டிக்குள் வைத்தார்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் புது கார்டு கடைக்குத் திரும்பிப் போனது. எதற்காகத் திருப்பித் தருகிறீர்கள், இதைவிட நல்லது எங்களிடமே கிடையாது என்று கடைக்காரர் திகைத்தார். அதெல்லாம் கருவிக்குத் தெரியாது, பார்க்கிறதற்குக் கண் வேண்டும் என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

வீடு திரும்பியபோது மாமனார் கிளம்பிப் போயிருந்தார். மாப்பிள்ளை பழைய கார்டில் ஆட்டத்தைத் தொடங்கி, நீலம் பச்சையாகிற அந்த வளைவில் குதிரையை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். இதுவரை ஆடியதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆடியதுதான் என்று தோன்றியது.

அப்போது மனைவியின் போன் அடித்தது. மாமியார். கை ஈரமாக இருந்ததால் அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்கப்பா வந்ததுலேருந்து, மாப்பிள்ளை வீட்டுப் பெட்டிக்குள்ள நீலமும் பச்சையுமா எரிஞ்சுக்கிட்டு சுத்துற பழைய விசிறியப் பத்தியே பேசிட்டிருக்காரு. புது விசிறி லைட்டும் இல்லாம நின்னு நின்னு ஓடுச்சாம். மாப்பிள்ளை மட்டும் அதைத் திரும்பிக்கூடப் பாக்காம, பக்கத்து டிவியில ஏதோ குதிரைப் படம் பாத்துட்டிருந்தாராம்."