எடை குறையாத கால்

கல்லைத் தவிர வேறெதுவும் விளையாத கருமலை நாட்டில் சடைச்சி என்றொரு கல்தச்சு வேலைக்காரி இருந்தாள். பாறையில் முகம் செதுக்குவதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. ஒருநாள் கப்பியில் கயிறு அறுந்து, மேலே போய்க்கொண்டிருந்த கல் கீழே வந்தது. அவளுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போயிற்று.

அந்த நாட்டில் இதற்கு நல்ல ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு வேலையாள் பேரிலும் குவாரி முதலாளிகள் காப்புக் களஞ்சியத்துக்கு நெல் அளப்பார்கள். வேலையில் காயம்பட்டவருக்கு ஆயுள் முழுக்க மாதம் ஒரு மூட்டை நெல் கிடைக்கும். எது காயம் என்பதைக் காயத்துறை முடிவு செய்யும். துறை அதைத் தராசில் முடிவு செய்தது. வேலைக்குச் சேரும் நாளில் ஆளை ஒரு தட்டில் உட்காரவைத்து, மறுதட்டில் கற்களைப் போட்டு, அந்தக் கற்களை அவர் பெயரெழுதிய பையில் கட்டி வைப்பார்கள். காயம்பட்டால் அதே பையோடு மறுபடி நிறுப்பார்கள். ஆள் லேசாகியிருந்தால் உடம்பில் ஏதோ போயிருக்கிறது. இல்லாவிட்டால் எதுவும் போகவில்லை. இதில் பாரபட்சத்துக்கு இடமே கிடையாது.

சடைச்சி வேலைக்குச் சேர்ந்தது பஞ்ச காலத்தில். அப்போது எலும்பும் தோலுமாக இருந்தாள். பிறகு இருபது வருடம் சோறு தின்றிருக்கிறாள். போதாததற்குப் புளியமரத்துக் கட்டைக்காலோடு நிறுத்தார்கள். அவளுடைய தட்டு தரையைத் தொட்டது. 'இழப்பு இல்லை, வளர்ச்சி உண்டு' என்று ஓலை வந்தது. வழக்கு முடியும்வரை மாதாமாதம் எடைக்கு வர வேண்டும் என்றும் அதில் இருந்தது.

கூட வேலை செய்த மாயழகு ஓலையைப் படித்துக் காட்டிவிட்டு, "இன்னொரு காலையும் குடுத்துரு அக்கா. இன்னும் வளருவ" என்றான்.

"வளந்து உன் தலையில மிதிக்கிறேன், இரு" என்றவள் நீதிமன்றத்துக்குப் போனாள். வீட்டில் மிச்சமிருந்த நெல் பத்து நாளுக்குக்கூட வராது.

நீதிமன்றத்துக்கும் ஒரு முறை இருந்தது. நடுவர்களுக்குச் சட்டம் தெரியும், காயம் தெரியாது. ஆகவே துறையின் விளக்கம் நியாயமாக இருந்தால் நீதிமன்றம் அதை ஏற்க வேண்டும் என்று அரசர் ஆணையிட்டிருந்தார். நியாயம் என்றால் என்ன என்று நடுவர்கள் ஏழு வருடம் சண்டை போட்டார்கள். கடைசியில் அதற்கும் ஒரு வழி கண்டார்கள். துறை அதிகாரி தம் விளக்கத்தை மூன்று முறை சிரிக்காமல் சொல்லிவிட்டால் அது நியாயமானது. அன்றுமுதல் காயத்துறை முகத்தைப் பார்த்துத்தான் ஆள் எடுத்தது.

சடைச்சியின் வழக்குக்குத் துறை அதிகாரியாக உறைமுகனார் வந்தார். தம் கல்யாணத்திலேயே சிரிக்காதவர். நடுவர் ஏகாம்பரனார் உயரமான மேடையிலிருந்து கட்டைக்காலைப் பார்த்தார். கால் இல்லாதது தமக்குத் தெரிகிறது என்றும், ஆனால் தமக்குத் தெரிவது வழக்குக்குத் தேவையில்லை என்றும் வருத்தத்தோடு சொன்னார்.

"கட்டை அவருடைய உடலின் அங்கம். ஆகவே இழப்பு இல்லை," என்றார் உறைமுகனார். இரண்டாம் முறையும் சொன்னார்.

மூன்றாம் முறைக்கு முன்னால் சடைச்சி கட்டைக்காலைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தாள். "இது என் ஒடம்புதான சாமி? ரொம்ப நேரமா அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடுங்க."

கடமை தவறாத உறைமுகனார் இரண்டு விரலால் கட்டையைச் சொறிந்தார். மூன்றாவது விரலை வைக்கும்போது சிரித்துவிட்டார்.

விளக்கம் விழுந்தது. இனி நடுவரே முடிவு செய்ய வேண்டும். முப்பது வருடமாக எதையும் முடிவு செய்து பழக்கமில்லாத ஏகாம்பரனாருக்கு வியர்த்தது. புது விளக்கத்தோடு வரும்படி வழக்கைத் துறைக்கே திருப்பி அனுப்பினார்.

துறை யோசித்தது. சிரிக்கவே முடியாத அதிகாரி வேண்டும் என்று முடிவாகி, கருங்கல்லில் ஒருவரைச் செய்யக் குவாரிக்கு ஆணை வந்தது. பின்னால் நின்று எழுத்தர் வாசிப்பார். முகம் மட்டும் கல்லினுடையது. அப்படி முகம் செதுக்க அங்கே ஒருத்திதான் இருந்தாள், இப்போது உட்கார்ந்தபடி வேலை செய்யும் சடைச்சி. வாய் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று மேஸ்திரி நூறு தடவை சொல்லியிருப்பார். சடைச்சி தலையாட்டினாள். நீதிமன்றத்தில் நாள் முழுக்க அண்ணாந்து உட்கார்ந்திருந்ததில் நடுவரின் மேடை எவ்வளவு உயரம் என்பது அவளுக்கு அத்துப்படி.

சிலை வந்தது. கீழே நின்று பார்த்தவர்களுக்கு அந்த முகம் சுடுகாடு போல இருந்தது. எழுத்தர் வாசிக்கத் தொடங்கினார். மேடையிலிருந்த ஏகாம்பரனாருக்கு மட்டும், மேலுதட்டின் மேல்விளிம்பில் அவள் செதுக்கிய வளைவு தெரிந்தது. கல் அதிகாரி காதுவரை சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவர் சிரிக்கிறாரே," என்றார் நடுவர்.

துறையினர் ஒருவர் பின் ஒருவராக அண்ணாந்து பார்த்து, இல்லை என்று சத்தியம் செய்தார்கள்.

"உங்க கண்ணுக்கு என்ன தெரியுது எசமான்?" என்றாள் சடைச்சி.

"சிரிப்புதான் தெரிகிறது அம்மா."

"அப்ப அத எழுதுங்க."

ஏகாம்பரனார் எழுத்தாணியை எடுத்தார். கை கொஞ்ச நேரம் ஓலைமேல் நின்றது. பிறகு பழக்கப்பட்ட வழியிலேயே போயிற்று. 'நான் கண்டது சிரிப்புதானா என்பதைத் துறை விளக்க வேண்டும்' என்று எழுதினார்.

துறையின் பதில் பணிவாகவே வந்தது. நடுவர் அவர்களின் கண்ணில் கோளாறு இருக்கலாம். அது பணியில் ஏற்பட்ட காயமா என்று அறிய, வரும் எடை நாளில் நேரில் வரவும். பணியில் சேர்ந்த அன்று அவரை எடை போட்ட கற்கள் பத்திரமாக இருக்கின்றன.

ஏகாம்பரனார் போனார். வரிசை நீளமாக இருந்தது. நடுவில் கட்டைக்காலை ஊன்றி நின்ற சடைச்சி, அவரைப் பார்த்ததும் நகர்ந்து தனக்கு முன்னால் இடம் விட்டாள்.

"வாங்க எசமான். எடை கொறையலன்னா ஒங்க கண்ணு நல்லாருக்குன்னு அர்த்தம். செருப்பக் கழட்டிறாதீங்க. அதையும் ஒங்க ஒடம்புலதான் சேப்பாங்க."