கோவளத்து மாப்பிள்ளையின் சி.டி.

மாப்பிள்ளை வாயை மூடிவிட்டான். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"ஆகவே, திருமணத்திற்குப் பின் அந்தக் கணினி மையத்தை மூடிவிட்டு, இல்லறம் என்னும் நல்லறத்தில் ஈடுபடுவதே பெண்ணுக்கு அழகு" என்று ஸ்பீக்கர் கணீரென்று முழங்கிக்கொண்டிருந்தது. திரையில் மாப்பிள்ளை கிருபாகரனோ சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, கேமராவுக்குப் பின்னால் யாரையோ பார்த்து இளித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாம்மா இது? வாய் ஒரு பக்கம் போவுது, கொரலு ஒரு பக்கம் போவுது!" என்றார் ஜெசிந்தாவின் அப்பா சின்னையன்.

"பிளேயர்ல எதுனா கோளாறு இருக்கும் நைனா. இரு, பாக்கறேன்" என்றாள் ஜெசிந்தா. சொல்லிவிட்டாளே தவிர, காது 'மூடிவிட்டு' என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டது.

நிற்காமல் என்ன செய்யும்? அந்தக் 'கணினி மையம்' அவளுடையது. செங்கல்பட்டு இராட்டினங்கிணறு பக்கத்தில், வீட்டு முன்னறையில் மூன்று கம்ப்யூட்டர். காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், சாயங்காலம் காலேஜ் பெண்கள். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற சின்னையன் தன் கையாலேயே வயரிங் செய்து, தன் கையாலேயே போர்டு மாட்டிய கடை. மூன்று வருடமாக அவள் மூச்சே அதில்தான்.

மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. லீவு கிடைக்காததால் போட்டோவுக்குப் பதில் இரண்டு நிமிடம் பேசிப் படமெடுத்து அனுப்பியிருந்தான். ஊருக்குத் திரும்பிய ஒரு சிநேகிதன் அதைக் கோவளத்து வீட்டில் கொடுக்க, அங்கிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமா ஆள் மூலம் அனுப்ப, நேற்று இங்கே வந்து சேர்ந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கு மாப்பிள்ளையின் அம்மா ரெஜினா பதில் கேட்க வருகிறாள்.

பதில் என்ன சொல்வது? முகத்தைப் பார்த்தால் ஜெசிந்தாவுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கள்ளமில்லாத சிரிப்பு, கன்னத்தில் குழி. குரலைக் கேட்டால் எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

இதில் இன்னொரு சிக்கல். இரண்டு நிமிடத்தில் கிருபாகரன் ஒரு இடத்தில் குறும்பாகச் சிரிக்கிறான், இன்னொரு இடத்தில் நெற்றியைச் சுருக்கி முறைக்கிறான். 'மூடிவிட்டு' என்ற வார்த்தை எந்த முகத்தோடு சேர்ந்தது? சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் விளையாட்டு. முறைத்துக்கொண்டே சொல்லியிருந்தால் இந்தச் சம்பந்தமே வேண்டாம். குரலையும் உதட்டையும் சேர்த்து வைத்தால்தானே அது தெரியும்?

"போன் போட்டுக் கேட்டா இன்னா?" என்றாள்.

"அடிப் பாவி! அவங்க வந்து கேக்கறதுக்கு முன்னாடியே பொண்ணு போன் போட்டுதுன்னு கோவளம் பூரா பேசுவாங்க" என்று அடுப்படியிலிருந்தே அம்மா சந்திரம்மா கத்தினாள்.

ஆக, பிளேயரைத்தான் பிடித்தாக வேண்டும்.

"அதுக்குள்ள இன்னாதான் நடக்குது? எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்" என்று சின்னையன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பாடம்தான். "ஒரு ஃபைலுக்குள்ள படமும் சத்தமும் துண்டு துண்டா கலந்து கெடக்கும் நைனா. பிளேயர் அத பிரிச்சி, படத்த ஒருத்தன்கிட்டயும் சத்தத்த ஒருத்தன்கிட்டயும் குடுக்கும். சுருட்டி வச்சத விரிக்கிற ஆளுங்க அவங்க. ஒவ்வொரு துண்டு மேலயும் எந்த நேரத்துக்கு வரணும்னு எழுதிக் கீது. அதப் பாத்து ரெண்டையும் சேத்து வுடும்."

"ஒருத்தன் லேட் பண்ணா?"

"கல்யாண ஊர்வலம் மாதிரிதான். சத்தம்தான் மேளம், அது நிக்கவே கூடாது. படம் ஊர்வலம். பின்தங்கிச்சின்னா நாலு பேர வுட்டுட்டு ஓடியாந்து மேளத்தோட சேந்துக்கும். படத்துல நாலு விட்டா கண்ணுக்குத் தெரியாது. சத்தத்துல விட்டா காது கண்டுபுடிச்சிடும்."

"அட!" என்றார் சின்னையன். "அப்ப நம்ம ஊர்வலத்துல மாப்ளயே பின்தங்கிட்டாரு!"

சத்தத்தை முன்னே பின்னே நகர்த்த பிளேயரில் வசதி இருந்தது. அரை விநாடி நகர்த்தினாள். 'வணக்கம்' அச்சாகப் பொருந்தியது. அப்பனும் பெண்ணும் கை தட்டினார்கள். அடுத்த வாக்கியத்திலேயே மாப்பிள்ளை மூச்சு வாங்க நின்றுவிட, குரல் பாட்டுக்கு 'குலவிளக்கு' என்று போய்க்கொண்டிருந்தது. இரண்டு விநாடி நகர்த்தினாள். இப்போது கிருபாகரன் வாயைத் திறப்பதற்கு முன்பே வணக்கம் சொல்லிவிட்டான்.

"வயித்தாலயே பேசுறாரு" என்றார் சின்னையன்.

படத்தை விரிக்கிற ஆள்தான் சோம்பேறி என்று முடிவு கட்டினாள் ஜெசிந்தா. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சி.டி.யில் அந்த வேலைக்கு ஆட்கள் கும்பலாகவே இருந்தார்கள். மொத்தத்தையும் ஏற்றினாள். போட்டாள்.

மாப்பிள்ளை தலைகீழாக வந்தான்.

"ஏசப்பா!" என்று சந்திரம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "நல்ல காரியத்துக்கு உக்காந்துகினு, புள்ளய வவ்வாலாட்டம் தொங்க வுட்டுக்கீறியே!"

"இதுக்கு எதுக்கு பேஜாரு? தலகாணி எடு" என்றார் சின்னையன். கம்பம் ஏறி இறங்கிய மனுஷன், எதையும் கையால் செய்துதான் பழக்கம். அந்தக் கனத்த மானிட்டரை இரண்டு பேருமாகத் தூக்கி, தலையணை மேல் கவிழ்த்து வைத்தார்கள். மாப்பிள்ளை நிமிர்ந்தான். ஆனால் வகிடு இடம் மாறிவிட்டது, கைக்கடிகாரம் வலது கைக்குப் போய்விட்டது, பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்த ஸ்பீக்கரின் காந்தம் பட்டு ஒரு கன்னம் கத்தரிக்காய் நிறம் ஆகிவிட்டது. குரல் மட்டும் மாறாமல், "கணினி மையத்தை மூடிவிட்டு" என்றது.

"நைனா, எடுத்து நேரா வைய்யி!" என்று கத்தினாள் ஜெசிந்தா. அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

ஏற்றிய கும்பலை விரட்டினாள். போனவர்கள் சும்மா போகாமல், முன்பே இருந்த நல்லவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது திரை கருப்பு. குரல் மட்டும்.

"ரேடியோ மாதிரி நல்லாதான் கீது" என்றாள் சந்திரம்மா. "என்னா தமிழு! என்னா மரியாதி!"

"உனக்கு மாப்ள வேணுமா, பிரசங்கியாரு வேணுமா?" என்று மகள் சீறியதும், சந்திரம்மா அடுப்படியைப் பார்க்கப் போனாள்.

கூடுவாஞ்சேரியில் இருந்த சின்னராசுக்குப் போன் போட்டாள். மூன்று கம்ப்யூட்டரையும் பொருத்திக் கொடுத்தவன் அவன்தான்.

"சவுண்ட் கார்டு டிரைவர தூக்கிட்டு வேற போடு மேடம். கண்ண மூடிகினு போடு, ஒண்ணும் ஆவாது" என்றான் சின்னராசு.

போட்டாள். விரட்டிய நல்லவர்களையும் திரும்ப ஏற்றியதில் படம் வந்துவிட்டது. ஆனால் சத்தம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. அத்தனை கனமான குரல், சுண்டெலிக் குரலில் "மூடிவிட்டு மூடிவிட்டு" என்று கீச்சிட்டது. சின்னையன் சிரித்துச் சிரித்து இருமி, மகள் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"சிரி நைனா, நல்லா சிரி. என் கடதானே போவப் போவுது" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

சின்னையன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "பக்கத்துல இன்னும் ரெண்டு மிஷினு சும்மாதானே கீது? அதுல போட்டுப் பாத்தியா?" என்றார்.

ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள். ஒன்றில் ஓடாவிட்டால் முதலில் வேறொன்றில் போட்டுப் பார் என்று மூன்று வருடமாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் அவள்தானே!

இரண்டாவதில் போட்டாள். நேராக வந்தது, நிறமும் சரி, வேகமும் சரி. உதடு மட்டும் ஒட்டவில்லை. மூன்றாவதிலும் அதே கதை. பிளேயருக்குள்ளே இருக்கும் கணக்கு விவரத்தைத் திறந்து பார்த்தாள். படத்துக்கும் சத்தத்துக்கும் வித்தியாசம் பூஜ்யம் என்று காட்டியது.

"பூஜ்யமாம்! மூணும் சேந்துகினு எங்கிட்டயே பொய் சொல்லுது" என்று மவுஸைத் தள்ளிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

ரெஜினா கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வந்து, அங்கே பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து சேர்ந்திருந்தாள். நெற்றி முழுக்க வேர்வை. கையில் ஒரு பை நிறைய உப்புக் கருவாடு. ஜெசிந்தாவின் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்தாள். நல்ல மனுஷி. அதுதான் ஜெசிந்தாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கெட்டவர்களாக இருந்தால் முடியாது என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

"சி.டி. பாத்தீங்களா? நான் இன்னும் பாக்கலமா. எங்க வூட்ல ஏது கம்ப்யூட்டரு? கொஞ்சம் போடேன், எம் புள்ள மூஞ்சியப் பாத்து ஒன்றர வருஷம் ஆவுது" என்றாள் ரெஜினா.

போட்டாள். திரையில் மகன் வந்ததும் ரெஜினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எளச்சிட்டான்" என்றாள். அப்புறம் குரல் வந்தது. ரெஜினாவின் புருவம் ஏறியது. குலவிளக்கு வந்தபோது திரைக்கு அருகில் குனிந்து மகன் வாயையே உற்றுப் பார்த்தாள். ஜெசிந்தா வெட்கத்தில் குறுகிப்போனாள். கம்ப்யூட்டர் டீச்சர் என்று பெயர், ஒரு படத்தை ஒழுங்காக ஓட்டத் தெரியவில்லை என்றுதானே நினைப்பாள்?

"கணினி மையத்தை மூடிவிட்டு" என்று வந்ததும் ஜெசிந்தா படாரென்று நிறுத்தினாள். கிருபாகரன் பாதிச் சிரிப்பில் உறைந்து நின்றான்.

"ஆண்டி, தப்பா நெனைக்காதீங்க" என்றாள். "காலைலேர்ந்து இத சரி பண்ணிப் பாக்கறேன். அவரு இத சிரிச்சிகினு சொன்னாரா, கோவமா சொன்னாரான்னு எனக்குத் தெரியல. எப்படி சொல்லியிருந்தாலும் சரி, நான் சென்டர மூட மாட்டேன். அவரு மூஞ்சி எனக்குப் புடிச்சிருக்கு. அதுக்காக இத வுட முடியாது."

அடுப்படியில் ஒரு தட்டு கீழே விழுந்தது. சந்திரம்மா வெளியே எட்டிப் பார்த்து, வாய்க்குள்ளேயே ஜெபம் செய்ய ஆரம்பித்தாள்.

சின்னையன் தொண்டையைக் கனைத்தார். "எம் பொண்ணு சொல்றதுதாங்க என் பேச்சும். போர்டு மாட்டினவன் நானு. நான் கழட்ட மாட்டேன். வேற எதுனா கேளுங்க, செய்யறோம்."

ஜெசிந்தா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கிப்போனது. சம்பந்தம் போனால் போகட்டும். மூச்சு நன்றாக வந்தது. அந்த ஒரு மூச்சுக்கு எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் போலிருந்தது.

ரெஜினா முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஜெசிந்தா பதறிப்போய்த் தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள்.

அழவில்லை. கண்ணில் தண்ணீர் வர வர, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள் ரெஜினா.

"அது எங்க அண்ணன் கொரலும்மா! புள்ள படத்துல பேசினதா போன்ல எங்கிட்ட சொன்னது, 'நானே வேலைய வுட்டுட்டு வந்து உங்க சென்டர்ல கூடமாட நின்னுக்கறேன், சேத்துக்குவீங்களா'ன்னு. மாப்ள பேசற பேச்சாடா இதுன்னு எங்க அண்ணன் சி.டி.ய கல்யாண வீடியோக்காரன்கிட்ட எடுத்துகினு போயி, புள்ள பேச்ச அழிச்சிட்டு தானே பேசி வச்சிக்கீறாரு!"