பிக்பூல் போத்தலும் பெரிய வியாழனும்

தவக்காலம் முடியும்வரை ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று குருநகர் லியோன் கோயிலில் எல்லோரும் கேட்கச் சத்தியம் செய்து மூன்று நாள்கூட ஆகவில்லை. பிரான்சிலிருந்து தம்பி எமில்ராஜ் ஆள்மூலம் ஒரு போத்தல் அனுப்பிவிட்டான். சோதனை என்றால் இப்படியா வரவேண்டும்!

பிக்பூல் என்ற வெள்ளைத் திராட்சையின் வைன். தெற்குப் பிரான்சில் கடலேரிக் கரையோரம் விளைவதாம். ‘எங்கடை கடலேரி மாதிரித்தான் அண்ணை, அதே உப்புக்காத்து. நல்ல புளிப்பு. நண்டோடை குடிச்சுப் பாருங்கோ’ என்று ஒரு துண்டுக் கடிதமும் வைத்திருந்தான். ஈஸ்டர் மதியம், நண்டுக்கறி, பிக்பூல். லியோனுக்கு அப்போதே எச்சில் ஊறியது.

ஆனால் அதுவரை போத்தலை எப்படிக் காப்பது? மனைவி பெர்னடெட் கையில் அகப்பட்ட சாராயத்தையெல்லாம் கிணற்றடி வாழைக்கு ஊற்றுகிறவள். அந்த வாழை இன்றுவரை நேராக நின்றதில்லை.

“உதென்ன போத்தல்?”

“பூசை வைனப்பா. பெரிய வியாழன் பூசைக்குக் குடுக்கச் சொல்லித் தம்பி அனுப்பினவன்.”

“உண்மையாவோ?”

“ஓம். வேறை ஆரும் தொட்டாலே பாவம்.”

தன் மூளையை நினைத்து லியோனுக்கே பெருமை தாங்கவில்லை. கடைசி நாளில், ‘கோயிலில் வைன் போதிய அளவு இருக்காம்’ என்றால் காரியம் முடிந்தது.

பெர்னடெட் போத்தலைத் துடைத்துத் திருஇருதயப் படத்தடியில் வைத்தாள்.

“பூசைப் பொருள் வீட்டிலை இருக்கேக்கை செபமாலை தவறக்கூடாது.”

அன்று தொடங்கி நாள்தோறும் மாலை ஆறரைக்கு லியோன் முழங்காலில் நின்றார். ஐம்பத்து மூன்று ‘அருள்நிறை மரியே’யும் போத்தலைப் பார்த்தே சொன்னார். அயலட்டைச் சனம் அவருடைய பக்தியை மெச்சியது. முழங்கால்தான் மெச்சவில்லை.

பெரிய வியாழன் காலை மெல்லத் தொடங்கினார்.

“இஞ்சரப்பா, கோயிலிலை வைன் காணுமாம், போதிய அளவு இருக்காம்…”

“ஆர் சொன்னது? நான் நேற்றுத்தான் சுவாமியாரோடை கதைச்சனான். காணிக்கைப் பவனியிலை உங்கடை கையாலையே கொண்டு வரட்டாம். வேட்டியும் தோய்ச்சு வைச்சிருக்கிறன்.”

மாலைப் பூசையில் பாடகர் குழு பாட, லியோன் போத்தலை ஏந்தி நடந்தார். நெஞ்சு உண்மையாகவே வலித்தது. பீடத்தில் சுவாமியார் அதை இரண்டு தரம் இழுத்து வாங்க வேண்டியிருந்தது. லியோன் கண்கலங்கியதைப் பார்த்து முன்வரிசைப் பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பூசை முடிந்து வாசலுக்கு வந்ததும் பெர்னடெட் காதுக்குள் சொன்னாள்.

“தம்பி போன் எடுத்தவர். அது பூசை வைன் இல்லையாம். உங்களுக்குக் குடிக்கத்தான் அனுப்பினதாம்.”

“ஐயோ! எப்பவப்பா எடுத்தவன்?”

“போத்தல் வந்த அண்டைக்கு.”